காரணம் எழுத வேண்டிய இடம்

வரிசையில் அறவாழிக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். அது அறுபது பேராக இருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. தவறவிட்ட வண்டியின் டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வாங்க வந்தவன் எவனாவது வரிசை நீளட்டும் என்று நினைப்பானா? இவர் நினைத்தார். வரிசை தீர்ந்தால் கவுண்டர், கவுண்டர் வேலை முடிந்தால் திரும்பிப் போய் அந்த சிமெண்டு பெஞ்சில் துளசிமணியின் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். முப்பத்தாறு வருஷமாக உட்கார்ந்த பக்கம்தான். இன்றைக்கு மட்டும் அங்கே போய் உட்காருவதைவிடப் பழைய உத்தியோகத்துக்கே திரும்பிப் போய் மின்கம்பத்தின் உச்சியில் உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுவார். "காசு போனாப் போகுதுங்க, பஸ்ஸுக்குப் போயிரலாம் வாங்க" என்றுதான் அவள் சொன்னாள். மூணு இருபத்தஞ்சு வண்டியின் கடைசிப் பெட்டி, முதுகில் மஞ்சள் பெருக்கல் குறியோடு பிளாட்பாரத்து முனையைத் தாண்டிக்கொண்டிருந்தபோது சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள், வலது முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு சொன்னாள். கோபமாக ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை இவருக்கு. "சித்த இரு, டிக்கெட்டுக்கு என்னன்னு கேட்டுட்டு வந்தர்றேன். நம்ம உரிமைய நாம எதுக்கு உடோணும்?" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக இங்கே வந்து ஒட்டிக்கொண்டார். உரிமையாம் உரிமை. தப்பிக்கிறதுக்கு ஒரு நல்ல பேர் வைத்துக்கொண்டாயிற்று. பேர் வைக்கிறதில்தான் அவரை அடிச்சுக்க ஆள் கிடையாதே. அப்பன் ஆத்தாள் கோயிலில் மொட்டையடித்து வைத்த பேரை இருபத்திரண்டு வயதில் தூக்கிப் போட்டுவிட்டுத் தனக்குத்தானே அறவாழி என்று பேர் வைத்துக்கொண்டவர். அறவாழி! இப்போது அந்தப் பேரைக் கூப்பிட்டு யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று முதுகு கூசுகிறது.

சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. எடுக்க வேண்டாம். எடுக்காமலே தெரியும், எழிலிதான். வண்டி ஏறிவிட்டீர்களா, ஜன்னல் சீட்டா, அம்மா ஏதாவது சாப்பிட்டாளா என்று கேட்பாள். சென்னையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்பாள். ராத்திரிக்குள் வந்து பக்கத்தில் இருக்கிறோம் கண்ணு என்று நேற்று இவர்தான் சொன்னார், அவள் கேட்கவில்லை, இவராகச் சொன்னார். நாளைக்குக் காலையில் பிரசவ ஆப்பரேஷன். மூன்றாவது. முதலாவது அஞ்சாம் மாசத்திலேயே கலைந்து போயிற்று, ரெண்டாவது எட்டாம் மாசத்தில் பிறந்தது, பிறந்து முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் அதற்கு ஒரு பேர்கூட, பேர் வைக்கிறதில் கெட்டிக்காரரான அவரால்கூட ஒரு பேர்... விடு. அதை நினைக்கக் கூடாது. போன் நின்றது. நல்லவேளை. சீ, பெற்ற மகள் கூப்பிடுகிற போன் நின்றதற்கு நல்லவேளை என்று சொல்கிறாயே, நீயெல்லாம் ஒரு அப்பனா? நாளைக்குப் பத்தரைக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போவார்களாம். "பத்தரைக்குப்பா, பத்தரைன்னா பத்தரைக்கு எடுத்துருவாங்களாம், அந்த டாக்டரம்மா அப்படியாம்" என்று அவள் திங்கட்கிழமை போனில் சொன்னபோது இவர் "நல்லது கண்ணு, நல்லது" என்றார். வாய் நல்லது என்றது. தலைக்குள் எவனோ ஒருவன் உட்கார்ந்துகொண்டு, வெள்ளிக்கிழமை, பத்தரையிலிருந்து பன்னிரண்டு, என்றான். யார் அவன்? இத்தனை வருஷம் எங்கே இருந்தான்? ஞாயிறு நாலரை டு ஆறு, திங்கள் ஏழரை டு ஒம்பது, செவ்வாய் மூணு டு நாலரை என்று ஏழு நாளையும் ஒப்பிக்கிறான். காலண்டர் அட்டையைத் திருப்பிப் பார்க்காதவர் என்று பேர் எடுத்த மனுஷனுக்குள் ஒரு காலண்டரே தொங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்க்க எதிர்க்க மனப்பாடம் ஆகிவிட்டது போல. நம்புகிறவன்கூடச் சந்தேகத்துக்குக் காலண்டரைப் பார்ப்பான், எதிர்க்கிறவனுக்குப் பார்க்கவே வேண்டியதில்லை.

வரிசை ஓர் ஆள் நகர்ந்தது. ஐந்து பேர். வியாழக்கிழமை ஒன்றரை டு மூணு. இன்றைக்கு வியாழக்கிழமை. வண்டி மூணு இருபத்தஞ்சுக்கு. ரெண்டரைக்குக் கிளம்பியிருந்தால் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து நிதானமாக டீ குடித்திருக்கலாம். துளசிமணி ரெண்டு மணிக்கே தயாராகிவிட்டாள். தூக்குப்போசியில் ராத்திரிக்குத் தயிர்சோறு, ஒரு பையில் பிள்ளை பெற்றவளுக்கு மருந்து ரசம் வைக்கிற செலவுச் சாமான், இன்னொரு பையில் இவருடைய பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள். குழந்தைக்கு. புதுசு வாங்கிக்கொண்டு போகக் கூடாது, பழைய வேட்டிதான் மெத்து மெத்தென்று இருக்கும் என்பாள். போன தடவை அப்படிக் கொண்டுபோய் மடிப்புக் கலையாமல் திரும்பக் கொண்டுவந்தவள். இந்தத் தடவை அந்தத் துணியை எடுக்கவில்லை, வேறு வேட்டி எடுத்துக் கிழித்தாள், ஏன் என்று இவர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியதில்லை. ரெண்டேகாலுக்கு ஆட்டோக்காரர் வந்து வாசலில் நின்றார். அப்போதுதான் இவர் கை, இவருடைய இதே வலது கை, மேசை மேலிருந்த மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்தது. சமையலறைக்குப் போனது. அரிசி டப்பாவைத் திறந்தது. அரிசிக்குள் செருகியது. மூடியது. அப்புறம் கூடத்துக்கு வந்து, வாய், "ஏம்புள்ள, என்ற கண்ணாடியப் பாத்தியா? இங்கதான வெச்சேன்" என்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் என்று ஊரில் எத்தனை பேரைத் திட்டியிருப்பார். இவர் மூக்குக் கண்ணாடியை அரிசியில் மறைத்தார். அது ஏன் அரிசி டப்பா என்றால் அதற்கும் கணக்குப் போட்டிருக்கிறார் மனுஷன், சமையல் முடிந்துவிட்டது, இனி ஊரிலிருந்து வந்தால்தான் அதைத் திறப்பாள். திருடனுக்குத்தான் இந்தப் புத்தியெல்லாம் வரும். முப்பது வருஷம் மின்வாரியத்தில் இருந்த ஆளுக்கு எங்கிருந்து வந்தது? "லைன் ஆஃப்ல இருக்குதுன்னு யார் சொன்னாலும் நம்பாத, டெஸ்டர் வெச்சுப் பாத்துட்டுத் தொடு" என்று எத்தனை பேருக்குச் சொன்னவர். கரண்டுக்கு ராகுவும் தெரியாது கேதுவும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே அமாவாசை, அஷ்டமி, ராகு காலம் எல்லாவற்றிலும் கம்பம் ஏறியவர். ஏறினாரே! அன்றைக்கெல்லாம் பயமே இல்லையே! தன் உசுருக்கு இல்லாத பயம். அங்கேதான் வந்து மாட்டிக்கொள்கிறது. தன் உசுரு என்றால் டெஸ்டர் வைத்துப் பார்க்கலாம். எழிலி வயிற்றுக்குள் இருக்கிறதுக்கு எந்த டெஸ்டரை வைப்பது?

தேடினார்கள். நாற்பத்தைந்து நிமிஷம். இவர் தேடுகிற மாதிரி நின்றார், துளசிமணி தேடினாள். டி.வி. பின்னால், பாத்ரூம் மாடத்தில், நேற்று உடுத்தின வேட்டி மடிப்பில். கட்டிலுக்கு அடியில் குனிந்து, அப்புறம் மண்டியிட்டு, அப்புறம் அந்த வீங்கின முட்டியை ஒருபக்கமாக நீட்டிக்கொண்டு தரையில் படுத்தே தேடினாள். "ஸ்... அம்மா" என்று ஒரு சத்தம். இவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரெண்டே முக்கால். ரெண்டு ஐம்பது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். "கண்ணாடி போனாப் போகுதுங்க, அங்க போய் வேற வாங்கிக்கலாம்" என்று துளசிமணி ஒருதரம்கூடச் சொல்லவில்லை, அது இப்போதுதான் உறைக்கிறது. ஏன் சொல்லவில்லை? பாவம், கண்ணாடி இல்லாவிட்டால் இவருக்குக் கஷ்டம் என்று நினைத்திருப்பாள், வேறென்ன. மூணு அடித்தது. மூணு ஒண்ணுக்கு இவர் சமையலறைக்குள் போய், வெளியே வந்து, "இந்தா இருக்குது பாரு, பரண் மேல!" என்றார். பரண் மேல். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. பரிசு விழுந்தவன் மாதிரி ஒரு குரல். தூ.

நாலு பேர். மேடையில் பேசினபோது இருந்த குரலே வேறு. எழிலி கல்யாணத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கு வைத்தார், பச்சை ராகு காலம், வேண்டுமென்றேதான் வைத்தார். அந்த நேரத்துக்கு எவனும் வரமாட்டான் என்று மண்டபத்துக்காரர் பாதி வாடகைக்கு விட்டார். மைக்கைப் பிடித்து, "என்ற மகள் கல்யாணத்துக்கு மொத மொய் வெச்சவரு ராகுதானுங்க, பாதி வாடகை அவரு குடுத்தது!" என்றார். அடேயப்பா, என்ன கைதட்டல். மாப்பிள்ளை வேந்தன்கூடச் சிரித்தான். முன்வரிசையில் துளசிமணி உட்கார்ந்திருந்தாள், ரெண்டு கையையும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. கை தட்டவில்லை. அன்றைக்கு அதைப் பார்த்தார், பார்த்து, மகளைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்வது எவ்வளவு சுலபம். ரெண்டாவது குழந்தையைப் புதைத்துவிட்டுத் திரும்புகிறபோது துளசிமணியின் ஒன்றுவிட்ட அண்ணன், அவன் கெட்டவன் ஒன்றும் இல்லை, நெம்ப நாள் அடக்கி வைத்திருந்தவன், "நேரங்காலம் பாக்காமப் பண்ணுனா..." என்று இழுத்தான். முடிக்கவில்லை. இவர் முடிக்க விடவில்லை, அவன் சட்டையைப் பிடித்துவிட்டார், இடுகாட்டு வாசலிலேயே. மூடநம்பிக்கைக்கு இதுவா நேரம் என்று கத்தினார். அவன் பேசாமல் போய்விட்டான். அவன் முடிக்காத அந்த வாக்கியத்தை ரெண்டு வருஷமாக இவர்தான் முடித்துக்கொண்டிருக்கிறார், பல் தேய்க்கும்போது, சோறு பிசையும்போது, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக. அன்றைக்கே அவனை முடிக்க விட்டிருந்தால் ஒரு விதத்தோடு போயிருக்கும். அந்த மாசக் கடைசியில் துளசிமணி ஒரே ஒருதரம், சாப்பாடு போட்டுக்கொண்டே, "ஒருவாட்டி கோயிலுக்குப் போய் அவ பேருல ஒண்ணு முடிஞ்சு வெச்சுட்டு வரட்டுங்களா?" என்று கேட்டாள். இவர் தலையைத் தூக்கி, "நீயுமா?" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, தடுக்கவில்லை, இவர் யாரையும் தடுக்கிற ஆள் இல்லை. நீயுமா. ஒரே வார்த்தை. அவள் ரசத்தை ஊற்றினாள். அப்புறம் கேட்கவே இல்லை. இன்றைக்கு அவளுக்கு மட்டும் தெரிந்தால், அரிசி டப்பா தெரிந்தால், அதே வார்த்தையை எடுத்து இவர் மூஞ்சியில் வைக்கலாம். நீங்களுமா? அதைக் கேட்க வேண்டி வருமே என்றுதான் இந்த வரிசை, இந்த உரிமை, எல்லா எழவும்.

"அண்ணா! அறவாழி அண்ணனுங்களா?"

பின்னாலிருந்து குரல். போச்சு. திரும்பினார். குப்புராஜ். பழைய செக்சனில் ஹெல்பராக இருந்த குப்புராஜ், இப்போது தொப்பையும் கைக்கடிகாரமுமாக. "எங்கீங்கண்ணா பயணம்? ஆளே எளைச்சுப் போயிட்டீங்களே!" என்று கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்த கையை விடவே இல்லை. அவனுக்கு நாளான்னிக்குப் போக வேண்டிய டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டுமாம், நியாயமான ஆள், வண்டி போவதற்கு முன்னாலேயே வந்து நிற்கிறான். "உங்க பேச்சக் கேட்டுத்தானுங்கண்ணா நானும் ராகு காலத்துல தாலி கட்டுனேன். எங்கப்பன் ஆறு மாசம் பேசலை. இப்பப் பாருங்க, ரெண்டு பசங்க, காளையாட்டம் இருக்கறானுங்க. அன்னைக்கு நீங்க மேடைல சொன்னீங்களே, பாதி வாடகை ராகு குடுத்ததுன்னு, இன்னைக்கும் போற எடமெல்லாம் சொல்லுவனுங்க!" வரிசையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், சிரித்தார்கள். அறவாழியும் சிரித்தார். அவர் முகத்தில் எந்தத் தசை சிரித்தது என்று அவருக்கே தெரியவில்லை. ரெண்டு பசங்க. காளையாட்டம். அப்படியானால் ராகு ஒன்றும் செய்யவில்லை, அதுதானே சான்று, அதைத்தானே நாற்பது வருஷமாகச் சொல்கிறோம், சந்தோஷப்படேன்டா! ஆனால் அவனுக்கு விட்டுவிட்டு எனக்கு மட்டும் என்று தலைக்குள் இருக்கிறவன் கேட்கிறான். சான்றைக் காட்டினால் அடங்குகிற ஆளாக இருந்தால் அவன் எதற்கு அங்கே இருக்கிறான்? "வண்டிய எப்படீங்கண்ணா உட்டீங்க? நீங்க ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து நிக்கற ஆளாச்சே?" என்றான் குப்புராஜ், இவர் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்துவிட்டு. "கேட்டுப் போட்டுட்டாங்க" என்றார் அறவாழி.

அது பொய் இல்லை. கேட்டுப் போட்டார்கள். மூணு ஒன்பதுக்கு ஆட்டோ ரயில்வே கேட்டில் நின்றது. தினமும் பத்து இருபது நிமிஷம் தாமதமாக வருகிற வண்டிதான், அதை நம்பித்தான் அரிசி டப்பாவுக்கே துணிந்தார், இன்றைக்குப் பார்த்து நேரத்துக்கு வந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் இவர்கள் ஆட்டோவில், அந்தப் பக்கம் இவர்கள் போக வேண்டிய ஸ்டேஷன், நடுவில் இவர்கள் ஏற வேண்டிய வண்டியே, பெட்டி பெட்டியாக, இவர்கள் மூஞ்சிக்கு முன்னால் போயிற்று. "நம்ம வண்டிங்களா?" என்றாள் துளசிமணி. "நம்மளது இல்ல, இது வேற" என்றார். எதற்குச் சொன்னார்? அதில் என்ன மிச்சம்? அவள் எஸ் செவன், எஸ் எய்ட் என்று எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். எஸ் எய்ட்டில்தான் இவர்களுக்கு சீட்டு. படித்துவிட்டு, மடியில் இருந்த துணிப்பையை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். கேட்டுத் திறந்து, ஆட்டோக்காரர் சந்து பொந்தெல்லாம் விட்டு விரட்டி, படியேறி, இவர் முன்னால் ஓட, அவள் அந்த முட்டியோடு ஒவ்வொரு படியாக, ஒவ்வொரு படியாக. மேல்படியில் நின்று திரும்பி, "வெரசா வா புள்ள!" என்று ஒரு அதட்டல் வேறு போட்டார். யாரை அதட்டினாய்? யாரால் நேரமாச்சு? மானம் என்று ஒன்று இருந்தால் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

கவுண்டர் வந்துவிட்டது. உள்ளே ஒரு அம்மா, நாற்பது வயது இருக்கும், தலையில் முல்லைப் பூ. டிக்கெட்டைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். "வண்டி போயிருச்சுங்களே, ஐயா. சார்ட் போட்ட பொறகு, வண்டியும் போன பொறகு, பணம் வராதுங்க." தன்மையாகத்தான் சொன்னார். "வண்டி மூணு மணி நேரத்துக்கு மேல லேட்டு, அதனால போகலைன்னா தருவாங்க. இல்லீன்னா இந்த ஃபாரத்துல காரணம் எழுதிக் குடுங்க, மேல அனுப்பறோம். அவங்க பாத்து முடிவு பண்ணுவாங்க. கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்று ஒரு தாளை நீட்டினார். "அப்படி நின்னு எழுதுங்க, அடுத்தவங்க வரட்டும்." பக்கத்துப் பலகையில் தாளை வைத்தார். பேர், வண்டி எண், பயணத் தேதி, இறங்க வேண்டிய இடம். எழுத்துத் தெரியவில்லை. கண்ணாடி வேண்டும். சட்டைப் பையில் இருந்து கூட்டை எடுத்துத் திறந்தார். ரெண்டு அரிசி. தாள் மேல் விழுந்தன. ஒன்று உருண்டு போய் நின்றது, இன்னொன்று விழுந்த இடத்திலேயே கிடந்தது. வெள்ளை வெளேரென்று, பொன்னி அரிசி, துளசிமணி கல் பொறுக்கிப் புடைத்து வைத்தது. சட்டென்று உள்ளங்கையால் மூடினார். யாரும் பார்க்கவில்லை. மூடின கைக்குக் கீழே அந்தக் கட்டம் இருந்தது. பயணம் செய்யாததற்கான காரணம். மூன்று கோடு போட்டு இடம் விட்டிருந்தார்கள். மூன்று கோடு போதுமா?

குப்புராஜ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "கேட்டுப் போட்டாங்கன்னு எழுதுனா ஒரு பைசா தர மாட்டாங்கண்ணா. நான் சொல்றதக் கேளுங்க. குடும்பத்துல ஒரு சாவுன்னு எழுதுங்க. குழந்தை தவறிருச்சுன்னு எழுதுங்க, குழந்தைன்னா கொஞ்சம் இரக்கப்படுவாங்க. யாரு வந்து பாக்கப் போறாங்க? வெறும் எழுத்துதானுங்களே, நமக்கென்ன அதுல நம்பிக்கையா பயமா?"

குழந்தை தவறிருச்சு. அவன் அறியாமல் சொன்னான், அவனுக்கு எழிலி விஷயம் தெரியாது, அவன் மேல் தப்பே இல்லை. வெறும் எழுத்துதான். நாற்பது வருஷமாக இவர் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான், வாயால் சொன்னால் பலித்துவிடாது, கையால் எழுதினால் நடந்துவிடாது. எழுது பார்க்கலாம். இதுதான் டெஸ்டர். நம்பிக்கை இல்லாதவன் என்றால் எழுது. கை எழவில்லை. பேனா முள் தாளைத் தொடவில்லை. தாளைச் சுருட்டி, அரிசியோடு சேர்த்து, சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தார். "அண்ணா, எழுதலீங்களா? ஏனுங்கண்ணா, ஒண்ணுமே எழுதலீங்களா?" என்று குப்புராஜ் கேட்டுக்கொண்டே இருந்தான்.

பெஞ்சில் துளசிமணி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இவருக்கு இடம் விட்டிருந்தாள். உட்கார்ந்தார். இது சொல்கிற இடமா, பஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம், இல்லை குழந்தை நல்லபடியாகப் பிறந்த பிறகு சிரித்துக்கொண்டே சொல்லலாம், நல்லபடியாகப் பிறக்காவிட்டால், சீ, வாயை மூடு. மூடினால் முடிந்துவிடும், இவர் வாய் இன்றைக்குத் திறந்ததெல்லாம் பொய்க்குத்தான். திறந்தார்.

"கண்ணாடி பரண் மேல இல்ல, புள்ள."

அவள் முட்டியை நீவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அரிசி டப்பால வெச்சிருந்தேன். நானேதான் வெச்சேன். ராகு காலம் முடியட்டும்னு." சொல்லிவிட்டார். யாரோ சொன்ன மாதிரி இருந்தது. இப்போது வரும். நீங்களுமா. காதைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"தெரியுமுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எலி பூந்துருமேன்னு ரெண்டரைக்கு மூடியச் செரி பண்ணப் போனேன். தொறந்தா கூடு தலைய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. உள்ள நல்லா அழுத்தி வெச்சு மூடிட்டு வந்தேன்."

ரெண்டரைக்கு. கட்டிலுக்கு அடியில் போனது ரெண்டே முக்காலுக்கு. கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டே நின்றாரே, நிமிஷம் தப்பாமல் தெரியும்.

"தெரிஞ்சுமா கட்டிலுக்கடியில படுத்துத் தேடுன? இந்த முட்டிய வெச்சுக்கிட்டு?"

"நீங்க பாத்துக்கிட்டே நின்னீங்களே. நானுந் தேடலீன்னா உங்களுக்குத் தெரிஞ்சு போயிருமல்லங்க. சங்கடப்படுவீங்க." அப்புறம் கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் மூணு மணி ஆவட்டும்னுதானுங்க இருந்துச்சு" என்றாள். குற்றம் செய்தவள் மாதிரி சொன்னாள். இவரிடம். இன்றைக்கு, இந்த மனுஷனிடம், அவள் குற்றம் செய்தவள் மாதிரி.

அறவாழிக்கு உடம்பு முழுக்கக் கூசியது. அரிசி டப்பாவுக்காகக் கூசவில்லை இப்போது. அந்தக் கூடு முக்கால் மணி நேரந்தான் அரிசிக்குள் இருந்தது. இவள் எதையெல்லாம் எத்தனை வருஷம் மூடிபோட்டு அழுத்தி வைத்திருக்கிறாள்? மண்டபத்தில் மடியில் இறுக்கிப் பிடித்த அந்தக் கை. ரசத்தை ஊற்றின அந்தக் கை. பயந்துபோய் ஒருத்தி பக்கத்திலேயே படுத்திருக்கிறாள், இவர் அவளுக்கு மேடைப் பேச்சுப் பேசியிருக்கிறார். ஊருக்கெல்லாம் தைரியம் சொன்னவருக்கு, வீட்டில் பயப்படக்கூட விடாமல் ஒருத்தியை வைத்திருந்தது தெரியவில்லை. நல்ல வெளிச்சத்தில் நாலு பேர் நடமாடுகிற இடத்தில் அழ வேண்டும் போல இருந்தது. அழாமல், அவள் முட்டியின் மேல் கையை வைத்தார். வீக்கம் சூடாக இருந்தது.

துளசிமணியின் பையில் போன் அடித்தது. எடுத்தாள். "ஆமா கண்ணு... அப்பா பக்கத்துலதான் இருக்கறாரு... சத்தமா? ஸ்டேஷன்லதான்..." என்று தடுமாறி, இவரைப் பார்த்தாள். என்ன சொல்லட்டும் என்று கேட்கிற பார்வை. கேட்டுப் போட்டுட்டாங்க என்று சொல்லச் சொன்னால் இப்போதும் சொல்லுவாள், பிசிறில்லாமல் சொல்லுவாள். அறவாழி கையை நீட்டினார். போன் அவள் கைச்சூட்டோடு இருந்தது.

"ஏப்பா, வண்டி ஏறிட்டீங்களா? எத்தன தடவ கூப்பிடறது, எடுக்கவே மாட்டேங்கறீங்க!"

"இல்ல கண்ணு. வண்டி போயிருச்சு. அஞ்சு மணி பஸ்ஸுல வர்றோம், விடியறதுக்குள்ள வந்துருவோம்."

"ஐயோ, ஏம்பா? எப்படி உட்டீங்க?"

அவருக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தது. மூன்று கோடு.

"ராகு காலம்டா கண்ணு. முடியட்டும்னு இருந்தேன். கண்ணாடிய நானே ஒளிச்சு வெச்சுட்டுத் தேடற மாதிரி நின்னேன். அதுக்குள்ள வண்டி போயிருச்சு." கனைத்துக்கொண்டார். "எனக்குப் பயமா இருந்துச்சு, சாமி."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் மட்டும் கேட்டது. போச்சு, இந்த நேரத்தில் அவளுக்கும் இதைச் சொல்லி, இருக்கிற தைரியத்தையும் பிடுங்கிவிட்டேனே. சொல்லாமல் இருந்திருக்கலாம். கேட்டு என்று சொல்லியிருக்கலாம்.

"நீங்களுமாப்பா?" என்றாள் எழிலி.

அதே வார்த்தை. மத்தியானத்திலிருந்து அவர் எதற்குப் பயந்து ஓடினாரோ அதே வார்த்தை. ஆனால் அவள் அதைச் சொன்ன விதம், தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு விடுகிறவள் சொல்கிற மாதிரி இருந்தது. அடுத்தாற்போல அவள் அழுகிற சத்தம் கேட்டது, சின்னப் பிள்ளையில் அழுவாளே அப்படி, வாய்விட்டு.

"திங்கட்கிழமையில இருந்து தூங்கலப்பா. பத்தரைன்னு சொன்னதும் எனக்கு... உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு... எனக்கு மட்டுந்தான் பயமா இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்பா."

"இல்ல கண்ணு," என்றார் அறவாழி. "எல்லாருக்குந்தான்."

துளசிமணி எழுந்து, துணிப்பையைத் தோளில் மாட்டி, சாமான் பையையும் தூக்குப்போசியையும் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே இன்னொரு கையால் அந்தப் பையை அவள் தோளிலிருந்து வாங்கிக்கொண்டார்.